அசைவு பார்க்கும் சில்லு

விரிசலுக்குக் குறுக்கே
ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டி
தேதி எழுதி வைப்போம்.
சுவர் நகர்ந்தால் சில்லு உடையும்.
உடையாவிட்டால் பழைய காயம்,
பூசிவிடலாம்.
பொதுப்பணித் துறைக் கோப்பில்
இதற்கு நீளமான பெயர் உண்டு.
மேஸ்திரி குப்புலிங்கம் சொல்வது
'சாட்சி'.

ஐப்பசி அடைமழையில்
உயர்நீதிமன்ற மாடியில் நிற்கிறேன்.
கீழே பாரிமுனையில்
பஸ்கள் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகின்றன.
இங்கிருந்து பார்த்தால்
குமிழ் குமிழாய், கூர் கூராய்
செங்கல் கொதித்துப் பொங்கியது போலிருக்கிறது.
வழிவதற்குள் யாரோ
அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

பெரிய குவிமாடத்தின் உச்சியில்
ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது.
நடுக்கடலில் இருப்பவனுக்குக் கரை தெரிந்தது.
உள்ளே, தாழ்வாரத்தில்,
பகல் பன்னிரண்டு மணிக்கும்
வழக்கு எண்ணைப் படிக்க
டியூப் லைட் வேண்டும்.

முன்னால் வந்தவர்கள் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.
சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது.
உள்ளே போன ஈரம்
வெளியே வர வழியின்றி
வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கிறது.

வளைவின் சங்கதி எளிது.
ஒவ்வொரு கல்லும்
பக்கத்துக் கல்லின் மேல் விழத்தான் பார்க்கிறது.
விழ இடமில்லை, நிற்கிறது.
வழக்கும் அப்படித்தான் சார் என்றார்
குடையை உதறிய ஒரு வக்கீல்.
நான் சிரிக்கவில்லை.
தண்ணீர் எந்தச் சந்தில் இறங்குகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட பத்து நிமிடம்
வண்ணக் கண்ணாடி வழியே வெயில்.
ஒரு ஜூனியரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை
பச்சையாகி, ஊதாவாகி,
தூணைத் தாண்டியதும்
பழையபடி வெள்ளை.
அவர் கவனிக்கவில்லை.
செல்போனில் யாரிடமோ
நகல் இன்னும் கிடைக்கலை என்றார்.

படிக்கட்டுப் பக்கம்
பெர்னதெத் அம்மாள், ராயபுரம்.
கொழுந்தன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே
ஒரு பொதுச்சுவர்.
ஒன்பது அங்குலம். பதினோரு வருடம்.
நான் சில்லு ஒட்டுவதைப் பார்த்துக் கேட்டார்:
"இந்தக் கட்டடத்துக்கே விரிசலா?"
எல்லாச் சுவருக்கும் உண்டும்மா.
"அப்ப இதுக்கு
யார் மேல கேஸ் போடுறது?"

அவர் சாய்ந்திருந்த சுவரில்
தாழ்வார நீளத்துக்கும்
ஒரு கறுத்த பட்டை ஓடுகிறது.
தலை எண்ணெய்.
டேப் வைத்து அளந்தேன்,
தரையிலிருந்து நாலடி ஒன்பது அங்குலம்.
ஆபீசில் பழைய வரைபட நகல்களை விரித்துத் தேடினேன்.
தூண் தலைப்பின் பூவேலைக்குத் தனித் தாள்,
புறா உட்காரும் விளிம்புக்கும் அளவு இருக்கிறது.
காத்திருப்பவர் முதுகுக்கு
ஒரு கோடுகூட இல்லை.
மதிப்பீட்டில்
'எண்ணெய்க் கறை நீக்கம், சதுர மீட்டருக்கு'
என்று ஒரு வரி எழுதி
அடித்துவிட்டேன்.

தை பிறந்து ஒரு புதன்கிழமை
பதினான்காம் சில்லு உடைந்திருந்தது.
விரிசலை அளந்தேன். மறுபடி அளந்தேன்.
ஒரு மயிரிழை நகரவில்லை சுவர்.
உடைந்த விளிம்பில்
நரைத்த முடி ஒன்று சிக்கியிருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
சாட்சி உடைந்தது.
சுவர் அசையவில்லை.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
அப்படியே மூடி வைத்தேன்.

புதிய சில்லை
ஒரு சாண் மேலே தள்ளி ஒட்டினேன்.
"எட்டாத உயரத்துல வெச்சுட்டீங்களே" என்று
எழுந்து வந்தார் பெர்னதெத் அம்மாள்.
குதிகாலை உயர்த்தி,
பசை காயும் வரை
விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
உள்ளே எண்பத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
அவருடையது நூற்று மூன்று.